எச்.ஆர். பக்கம் தாவ எந்தப் படிப்பு? நான் பட்ட பாடு

கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நான் ஏன் எச்.ஆர். பக்கம் தாவினேன் என்பது இங்கே வேண்டாம். தாவ எந்தச் சான்றிதழ் எடுப்பது என்று தேடிய கதையை மட்டும் சொல்கிறேன். எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

வேலையை விட முடியாது என்பதால் முழுநேர எம்.பி.ஏ. ஒத்துவரவில்லை. மிச்சம் இருந்தவை அமெரிக்காவின் எஸ்.எச்.ஆர்.எம்., எச்.ஆர்.சி.ஐ. அமைப்புகள் நடத்தும் தேர்வுகளும் பிரிட்டனின் சி.ஐ.பி.டி. படிப்பும்தான்.

முதலில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டேன். இதுவரை என்ன வேலை பார்த்தேன் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. "நேரா சி.ஐ.பி.டி. லெவல் 7 போயிடுங்க சார், முடிச்சதும் சார்ட்டர்டு ஆகிடலாம்" என்றார் அங்கிருந்த ஆலோசகர். லெவல் 3 தொடக்கநிலை, லெவல் 5 இளநிலைப் பட்டத்தின் தரம், லெவல் 7 முதுநிலைத் தரம். கட்டணமும் அப்படியே ஏறிக்கொண்டு போகும், ஆலோசகரின் உற்சாகத்துக்குக் காரணம் அதுதான். ஆனால் லெவல் 7 முடித்தாலும் சார்ட்டர்டு தகுதி, அதாவது சி.ஐ.பி.டி.யின் உயர்நிலை உறுப்பினர் அந்தஸ்து, தானாக வந்துவிடாது. வேலை அனுபவத்தைத் தனியாக மதிப்பிட்டுத்தான் தருவார்கள். இதைச் சொன்னதும், "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். "சரி, இதையே மெயிலில் எழுதி அனுப்பிடுங்க" என்றேன். மெயில் வரவே இல்லை. நீங்களும் இதைச் செய்து பாருங்கள், பாதிப் பேர் அந்த இடத்திலேயே கழன்றுகொள்வார்கள்.

அடுத்த நிலையத்தில் வேறு பாட்டு. எச்.ஆர்.சி.ஐ.யின் பி.எச்.ஆர். தேர்வு எழுதலாமாம். "பே ரோல் பார்த்தீங்கல்ல, அதுவே எச்.ஆர். அனுபவம்தான்." விதியைப் படித்தால், முதுநிலைப் பட்டம் இருந்தால் 1 வருடம், இளநிலைப் பட்டம் என்றால் 2, பட்டமே இல்லையென்றால் 4 வருடம் எச்.ஆரில் பொறுப்பான நிலையில் வேலை பார்த்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் சொன்னதற்கு ஆதாரமும் கேட்கலாம். என் பதவியோ கணக்காளர். பார்த்த வேலைகளைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் கேட்டு எங்கள் அலுவலகத்தின் எச்.ஆர். பிரிவுக்கே போனேன். "எங்க ஃபார்மட்ல பதவியும் தேதியும் மட்டும்தான் வரும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். நான் சேரத் துடிக்கும் துறையின் முதல் வரவேற்பு இது!

கடைசியில் நானே டைப் செய்தேன்: புதிதாகச் சேர்ந்தவர்களின் ஆவணங்களைச் சரிபார்த்தது, விடுப்பு இருப்புக் கணக்கு, வேலையை விட்டுப் போனவர்களின் ஃபைனல் செட்டில்மெண்ட். மேலாளர் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் அது பி.எச்.ஆருக்குப் போதாது என்று எனக்கே பட்டது, விட்டுவிட்டேன். அனுபவமே இல்லாதவர்களுக்கு எச்.ஆர்.சி.ஐ.யின் தொடக்கநிலைத் தேர்வான ஏ.பி.எச்.ஆர். இருக்கிறது. ஆனால் அதில் அமெரிக்கச் சட்டம் வரும். வேறு நாட்டில் வேலை தேடுபவர்கள் ஏ.பி.எச்.ஆர்.ஐ. என்ற சர்வதேசப் பதிப்பைப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்துதான் வித்தியாசம், கட்டணம் கட்டும்போது கவனம்.

அடுத்து எஸ்.எச்.ஆர்.எம். அமைப்பின் தேர்வு. அதன் எஸ்.எச்.ஆர்.எம்.-சி.பி. சான்றிதழுக்கு எச்.ஆர். பதவியோ பட்டமோ கட்டாயமில்லை என்று ஆசையாகப் போனேன். மாதிரிக் கேள்விகளைப் பார்த்ததும் ஆசை அடங்கியது. தேர்வில் கணிசமான பகுதி சூழ்நிலைக் கேள்விகள்: மேலாளர் இப்படி நடந்துகொள்கிறார், ஊழியர் அப்படிப் புகார் சொல்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு விடையும் சரி மாதிரியே இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் எது முதலில் என்று பிடிபடும். போதாக்குறைக்கு, தேறிய பிறகும் 3 வருடத்துக்கு ஒருமுறை, தொழில் மேம்பாட்டுப் பயிற்சிகளுக்குத் தரும் மதிப்பலகு 60 சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி தேர்வு.

இத்தனைக்கும் பிறகு சி.ஐ.பி.டி. லெவல் 5-இல் சேர்ந்தேன். நான் கண் வைத்திருந்த வேலைகளின் விளம்பரங்களில் அதிகம் தென்பட்டதும் அதுதான். பி.எச்.ஆருக்கு உதவாத அந்தக் கையெழுத்துக் கடிதம் இங்கே கைகொடுத்தது. முதலில் லெவல் 3-ஐ முடிக்கச் சொன்ன பயிற்சி நிலையத்தார், அதைப் படித்ததும் இறங்கிவந்தார்கள்.

சேருமுன் நிலையத்தின் பெயர், அங்கீகரித்த நிலையங்கள் என்று சி.ஐ.பி.டி.யே வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். "அந்தப் பாடத்திட்டத்தைத் தழுவியது" என்று சொல்லித் தருவதெல்லாம் வெறும் வருகைச் சான்றிதழ். மாணவர் உறுப்பினர் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் அடங்குமா, ஒப்படைப்பு (அசைன்மெண்ட்) தேறாவிட்டால் மறுபடி சமர்ப்பிக்கத் தனிக் காசா என்றும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் இந்த இனிஷியல் தொல்லை. படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். பட்டச் சான்றிதழில் எனக்கு வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். நிலையத்தில் எதையோ போட்டு நிரப்பிவிட்டு, "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்றார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே திருத்தி, உறுதிப்படுத்தும் மெயில் வந்த பிறகுதான் முதல் தவணையைக் கட்டினேன்.