மாடுலர் சிந்த்: எந்த மாட்யூல் என்ன வேலை செய்கிறது

மாடுலர் சிந்தசைசர் என்பது ஆளுக்கொரு வேலை செய்யும் மாட்யூல்களை (தனித்தனிப் பலகைகளை) கேபிளால் இணைத்து வாசிக்கும் மின்னணு இசைக்கருவி. அதில் கேபிள் வழியே ஓடுவது மின்னழுத்தம் மட்டும்தான். அது நொடிக்கு 200 தடவை ஏறி இறங்கினால் சுரமாகக் கேட்கிறது. இரண்டு நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கினால், இன்னொரு மாட்யூலின் குமிழை மெல்லத் திருப்பும் கையாகிவிடுகிறது. "இது ஒலி, அது கட்டுப்பாடு" என்ற பிரிவு முன்பலகையில் அச்சிட்ட எழுத்தில்தான் இருக்கிறது, கம்பிக்குள் இல்லை. அதனால் ஒரு மாட்யூலைப் புரிந்துகொள்ள அதன் பெயரைவிட, அதற்குள் எத்தனை வோல்ட் போகிறது, எத்தனை வோல்ட் வெளியே வருகிறது என்று பார்ப்பதே நல்ல வழி.

இங்கே சொல்லும் அளவுகள் யூரோராக் முறைக்கானவை. டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் ஏ-100 தொடருடன் கொண்டுவந்த அமைப்பு அது. பலகையின் உயரம் 128.5 மி.மீ., அகலம் 5.08 மி.மீ. மடங்குகளில், 3.5 மி.மீ. ஜாக், மின்வழங்கல் +12, −12 வோல்ட். சில மாட்யூல்களுக்கு +5 வோல்ட்டும் வேண்டும்.

முதலில் ஆசிலேட்டர், அதாவது விசிஓ: கொடுக்கும் வோல்ட்டுக்கு ஏற்ற சுருதியில் ஒலியலை எழுப்பும் மாட்யூல். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். அப்படியானால் ஓர் அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 1.2 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஐந்து மில்லிவோல்ட் தவறினாலே, இன்னொரு ஆசிலேட்டரோடு சேர்த்துக் கேட்கும்போது அலையடிப்பது தெரியும். வோல்ட்டை அதிர்வெண்ணாக மாற்றும் சுற்றில் இருக்கும் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு அசையும்: அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம். இதை ஈடுகட்டத்தான் பொருத்தமான டிரான்சிஸ்டர் இணையையும், வெப்பத்தோடு மதிப்பு மாறும் மின்தடையையும் வைக்கிறார்கள். அப்படியும், மின்சாரம் கொடுத்து இருபது முப்பது நிமிடமாவது சூடான பிறகே சுருதி சேர்க்க வேண்டும்.

சேர்க்கும் முறை இது. 1 வோல்ட் கொடுத்து, 110 ஹெர்ட்ஸ் வரும்படி சுருதிக் குமிழை வையுங்கள். 3 வோல்ட் கொடுத்தால் 440 வர வேண்டும். 443 வந்தால் இடைவெளி அகன்றிருக்கிறது, ஸ்கேல் ட்ரிம்மரை (வோல்ட்டுக்கு எத்தனை ஸ்தாயி என்பதைத் திருத்தும் சிறு திருகை) சற்றுக் குறையுங்கள். குறைத்ததும் 1 வோல்ட்டில் இருந்த சுருதியும் நகர்ந்திருக்கும். திரும்பப் போய் 110க்குக் கொண்டுவந்துவிட்டு, மறுபடி 3 வோல்ட். இப்படி மாறி மாறிச் செய்தால்தான் நிற்கும். கீழே எல்லாம் சரியாக இருந்து 1760 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் சுருதி இறங்கினால், ரம்பப்பல் அலையை அடிப்படையாகக் கொண்ட விசிஓவில் கண்டன்சர் காலியாக எடுத்துக்கொள்ளும் நேரமே காரணம். அதற்குத் தனியாக ஒரு ட்ரிம்மர் இருக்கும். ஸ்கேல் ட்ரிம்மரைத் தொடாதீர்கள்.

சுருதி சேர்த்தும் சேராமல் இருக்கிறதா? மல்டிபிளை, அதாவது ஒரே வோல்ட்டைப் பல இடங்களுக்குப் பிரிக்கும் மாட்யூலைப் பாருங்கள். பாசிவ் மல்டிபிள் என்பது நான்கு ஜாக்குகளைக் கம்பியால் இணைத்த பலகை, அவ்வளவுதான். சீக்வென்சரின் (சுர வோல்ட்டுகளை வரிசையாக அனுப்பும் மாட்யூலின்) வெளிவழித் தடை 1 கிலோஓம், விசிஓவின் உள்வழித் தடை 100 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட் அனுப்பினால் ஒரு விசிஓவுக்கு 2.970 வோல்ட் போய்ச் சேரும். அதே இணைப்பில் இரண்டாவது விசிஓவைச் செருகியதும் அது 2.941 ஆகிவிடும். வித்தியாசம் 29 மில்லிவோல்ட், அதாவது 35 சென்ட். 1 வோல்ட்டிலோ அதே இழப்பு 12 சென்ட்தான். எல்லாச் சுரத்திலும் பிழை ஒரே அளவாக இல்லாததால் சுருதிக் குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. சுருதி வோல்ட்டைப் பிரிக்க, ஒவ்வொரு வெளிவழிக்கும் தனிச் சுற்று வைத்து வோல்ட் குறையாமல் காக்கும் பஃபர்டு மல்டிபிள்தான் வேண்டும். கேட் (சுரம் நீடிக்கும்வரை உயர்ந்து நிற்கும் வோல்ட்), ட்ரிகர் (ஒரு கணத் துடிப்பு), எல்எஃப்ஓ (கேட்காத அளவு மெதுவாக அசையும் ஆசிலேட்டர்) ஆகியவற்றுக்குப் பாசிவ் போதும்.

ஒலியின் சில அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள், அதனால் இங்கே சுருக்கமாக. ராபர்ட் மூகின் லேடர் ஃபில்டர், வெட்டும் எல்லைக்கு மேலே ஸ்தாயிக்கு 24 டெசிபல் வெட்டும். ரெசனன்சை (வெட்டும் எல்லையருகே உள்ள ஒலியை எடுப்பாக்கும் அளவை) ஏற்றினால் அடிச்சுரம் மெலியும். அது பழுதல்ல, அந்தச் சுற்றின் இயல்பு. ரெசனன்ஸ் உச்சத்தில் ஃபில்டர் தானாகவே சைன் அலை எழுப்பினால், அதன் உள்வழியும் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்று நடந்தால், செலவில்லாமல் இன்னொரு ஆசிலேட்டர் கிடைத்தது.

என் பார்வையில் கருவியின் உயிர் விசிஏவில்தான், அதாவது உள்ளே வருவதை எவ்வளவு வெளியே விடுவது என்பதை வோல்ட்டால் கட்டுப்படுத்தும் மாட்யூலில்தான் இருக்கிறது. ஒன்றை வாங்கி ஒலியின் அளவுக்கு வைத்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கருவியைத்தான் வாசிக்கிறார்கள். குறைந்தது நான்கு வேண்டும். ஒலிக்கு எக்ஸ்பொனென்ஷியல் (மடங்கு மடங்காக ஏறுவது), கட்டுப்பாட்டு வோல்ட்டுக்கு லீனியர் (சீராக ஏறுவது). வாங்கும்முன் டிசி கப்பிள்டா, அதாவது நிலையான வோல்ட்டையும் கடத்துமா என்று பாருங்கள். உள்வழியில் கண்டன்சர் வைத்தவை மெதுவாக நகரும் வோல்ட்டைத் தடுத்துவிடும், எல்எஃப்ஓ உள்ளே போகும், வெளியே உருக்குலைந்துதான் வரும். என்வலப் (ஒவ்வொரு சுரத்துக்கும் ஏறி இறங்கும் வோல்ட்டைத் தரும் மாட்யூல்) முடிந்த பின்னும் ஒலி கசிந்துகொண்டே இருந்தால், விசிஏவின் தொடக்க அளவுக் குமிழ் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு சுரம் நேராகத் தொடங்கி, போகப்போக நடுங்க வேண்டுமானால்: எல்எஃப்ஓவை லீனியர் விசிஏவுக்குள் விட்டு, அதை மெதுவாக ஏறும் ஓர் என்வலப்பால் திறந்து, வெளிவருவதை விசிஓவுக்கு அனுப்புங்கள். இங்கேதான் அட்டெனுவேட்டர், அதாவது வோல்ட்டைக் குறைக்கும் குமிழ், இல்லாமல் நடக்காது. ±5 வோல்ட் எல்எஃப்ஓ முழுதாகப் போனால் மேலே ஐந்து ஸ்தாயி, கீழே ஐந்து ஸ்தாயி. நமக்குத் தேவை மேலும் கீழும் அரை அரைச்சுரம், சுமார் 40 மில்லிவோல்ட், அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குமிழ் அசைந்ததும் அசையாததுமாக இருக்கும் இடம் அது. இரண்டு அட்டெனுவேட்டரை அடுத்தடுத்து வைத்தால் கைக்கு அடங்கும். அட்டெனுவெர்ட்டர் என்றால் நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் நேர், இடப்பக்கம் தலைகீழ். ஒரே என்வலப்பால் ஃபில்டரைத் திறந்துகொண்டே இன்னொன்றை மூடலாம்.

என்வலப்பில் அட்டாக் (ஏறுவது), டீகே (ஏறிய பின் இறங்குவது), ரிலீஸ் (கேட் போனபின் அடங்குவது) மூன்றும் நேரம், சஸ்டெய்ன் (கேட் இருக்கும்வரை நிற்கும் இடம்) மட்டும் வோல்ட் அளவு. 5 மில்லிநொடி ட்ரிகரைக் கொடுத்துவிட்டு அட்டாக்கை அரை நொடிக்கு வைத்தால் ஒலியே வராது, ஏனென்றால் ஏறத் தொடங்குவதற்குள் கேட் போய்விட்டது. நீளமான கேட் கொடுங்கள், இல்லையென்றால் ட்ரிகரிலேயே முழுச் சுற்றும் ஓடும் வகை என்வலப்பைப் பயன்படுத்துங்கள்.

சாம்பிள் அண்ட் ஹோல்ட், தட்டும் கணத்தில் வரும் வோல்ட்டைப் பிடித்து அடுத்த தட்டு வரை வைத்திருக்கும். அதில் இரைச்சலைக் கொடுத்து க்ளாக்கால் (சீரான துடிப்புகளால்) தட்டினால், தட்டுக்கு ஒரு புது வோல்ட். ±5 வோல்ட் இரைச்சல் என்றால் பத்து ஸ்தாயி முழுக்கச் சிதறும். ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, பிறகு குவாண்டைசருக்கு (வோல்ட்டை அருகிலுள்ள சுரத்துக்கு நகர்த்தும் மாட்யூலுக்கு) அனுப்பினால் இரண்டு ஸ்தாயிக்குள் இசையாக நிற்கும். வரிசையை மாற்றிக் குவாண்டைசருக்குப் பின்னால் குறைத்தால் அரைச்சுரக் கணக்கு கெட்டுப்போகும்.

மின்வழங்கல் கணக்கை +12க்கும் −12க்கும் தனித்தனியாகக் கூட்டுங்கள். 1200 மில்லிஆம்ப் தரும் இடத்தில் 900க்கு மேல் ஏற்ற வேண்டாம். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 வோல்ட் பக்கம். தலைகீழாகவோ ஒரு வரிசை தள்ளியோ செருகினால், பாதுகாப்பு டயோடு இல்லாத மாட்யூலில் ஐசிக்கள் போய்விடும். எதைச் செருகும்போதும் பெட்டி அணைந்திருக்க வேண்டும், கேபிளின் இரண்டு முனையையும் பார்த்த பிறகே சுவிட்ச்.

கடைசியாக, வெளியே போகும் அளவு. யூரோராக் ஒலி உச்சியிலிருந்து உச்சி வரை சுமார் 10 வோல்ட். தொழில்முறை லைன் அளவு அதே கணக்கில் 3.5 வோல்ட்தான். அவுட்புட் மாட்யூல் இல்லாதபோது, கடைசி விசிஏவுக்குப் பின்னால் ஓர் அட்டெனுவேட்டர் வைத்து மூன்றில் ஒரு பங்காக இறக்குங்கள். இன்டர்ஃபேசில் மைக் வழியை விட்டு லைன் வழியில் செருகி, கெயினை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள்.