கோண்டாவில் நத்தைத் தொட்டி: நாட்குறிப்பு

ஜூன் 7

குப்பி மீன் தொட்டிக்கு இன்று நான்கு அப்பிள் நத்தைகள் வந்தன. இரண்டு மஞ்சள் ஓடு, இரண்டு கறுப்பு. கடையில் இவற்றை ‘மிஸ்டரி’ என்றுதான் விற்கிறார்கள். காசு கொடுக்குமுன் ஒவ்வொன்றாகத் தூக்கி ஓட்டின் சுழியைப் பார்த்தேன். தொட்டிக்கு ஏற்ற இனம் பொமேசியா டிஃபியூசா. அதன் சுழிகளின் தோள்பகுதி தட்டையாக இருக்கும், ஒவ்வொன்றாகப் படியிறங்கும். சுழிகளுக்கு நடுவில் ஆழமான பள்ளம் ஓடினால் அது பொமேசியா கனாலிகுலாட்டா. தென்னமெரிக்காவில் இருந்து வந்து ஆசியாவில் பல நாடுகளின் நெல்வயல்களை மேய்ந்து தள்ளிய சாதி அதுதான். அதைத் தொட்டியில் விட்டால் ஒரு செடி மிஞ்சாது. டிஃபியூசா பாசியையும் அழுகிய இலையையும் தின்னும், பச்சைச் செடியைப் பெரும்பாலும் தொடாது.

பையை அப்படியே தொட்டியில் கவிழ்க்கவில்லை. பாத்திரம் ஒன்றில் விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் நத்தைகளை மட்டும் எடுத்து விட்டேன். கடைத் தண்ணீர் வாழைக்குப் போயிற்று.

தொட்டி 60 லீற்றர். விளிம்பில் இருந்து ஒரு சாண் குறைத்துத்தான் தண்ணீர் விட்டிருக்கிறேன். இந்த நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. மேலே காற்று இருந்தால்தான் நுரையீரல் வேலை செய்யும். அதோடு இரவில் ஏறி வெளியே போய்விடும், ஆகவே மூடி கட்டாயம். கண்ணாடி மூடியின் மூலையில் வயர் போகும் ஓட்டையைப் பஞ்சால் அடைத்தேன். பில்டர் உறிஞ்சும் குழாய்க்கும் ஒரு பஞ்சு உறை. இல்லாவிட்டால் உணர்கொம்பு உள்ளே இழுபட்டுவிடும்.

பத்து மணிபோல மஞ்சள் ஒன்று கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்குக் கீழே நின்றது. கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு தசை மடிப்பு சுருண்டு குழாயாகி, மெல்ல நீண்டு நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்தது. பிறகு உடம்பு முழுவதும் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து காற்றை உள்ளே இழுத்தது. அக்காவின் மகன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தான். “சித்தி, இது சோகி மாதிரி இல்ல. இதுக்குள்ள ஆள் இருக்கு!”

ஜூன் 9

அம்மாவின் கேத்தலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும் எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும், சுரண்டினால் செதில் செதிலாக வரும். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் கிடக்கிறது. கிணற்றில் ஊறுவது அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் விறைக்கும் என்று ஊரே குறைப்படும். ஆனால் கேத்தலில் படியும் கல்சியம் காபனேற்றுத்தான் நத்தையின் ஓடும். மென்மையான தண்ணீர் உள்ள ஊர்களில் நத்தை வளர்ப்பவர்கள் பவளத் துண்டும் கல்சியமும் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அது வாளியிலேயே வருகிறது.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. “குடிக்கிற தண்ணியையே விடன் பிள்ளை, அதுதானே சுத்தம்.” கடைகளில் கான் கணக்கில் விற்கும் அந்தத் தண்ணீரில் உப்புகளை எல்லாம் வடித்துவிடுகிறார்கள். அதை மட்டும் விட்டு வளர்த்தால், தண்ணீர் புளிப்புப் பக்கம் போய், ஓடு உச்சியில் இருந்து வெளிறிக் குழி விழத் தொடங்கும். கரைந்த இடம் திரும்ப வளராது. வாய்ப்பக்கத்தில் புது ஓடு சேரும், அவ்வளவுதான்.

ஜூன் 11

கிணற்றைப் புகழ்ந்தாயிற்று, இனி அதன் மற்றப் பக்கம். சோதனைத் தாளை நனைத்தால் அமோனியா இல்லை, நைத்திரைற்று இல்லை. நைத்திரேற்று மட்டும் 50ஐத் தாண்டிய நிறத்தில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லையே லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான். வலிகாமத்துத் தோட்டக் காணிகளில் இது புதினமில்லை. யூரியாவும் மலசலகூடக் குழியும் அதே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாகத்தான் கிணற்றுக்கு வருகின்றன.

“கிழமைக்கு ஒருக்கால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், நைத்திரேற்று குறையும்” என்று எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது நைத்திரேற்று இல்லாத ஊர்த் தண்ணீருக்குச் சொன்னது. இங்கே மாற்ற மாற்ற அதே அளவுதான் திரும்ப வரும். அதனால் இரண்டு வேலை செய்கிறேன். ஒன்று, மிதக்கும் செடியை நிறைய விட்டிருக்கிறேன், அது நைத்திரேற்றை உறிஞ்சும். மற்றது, மாற்றும் தண்ணீரில் பாதி குழாய்த் தண்ணீர். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்கும் இப்போது குழாய் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் கலப்பது.

ஜூன் 15

அம்மம்மா இன்று தொட்டிக்கு முன் கதிரையைப் போட்டு உட்கார்ந்தா. ஓட்டுக்குக் கல்சியம் வேண்டும் என்று நான் சொன்னதை எங்கேயோ கேட்டிருக்கிறா.

“அதுக்குச் சுண்ணாம்பு தானே பிள்ளை? என்ர தட்டத்துக்குள்ள கிடக்கு. கொஞ்சம் கரைச்சு விடு.”

“வேண்டாம் அம்மம்மா, செத்துப்போடும்.”

வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றின சுண்ணாம்பு. கரைத்தால் தண்ணீரின் காரம் ஒரேயடியாக ஏறி மீனும் நத்தையும் வெந்தமாதிரிப் போய்விடும். அம்மம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “நாங்கள் வாயில போடுறம், அதுக்குத் தண்ணியில போட்டால் என்ன?” என்றா. இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

மேலதிகமாகக் கொடுக்க விரும்பினால் கணவாய் ஓடு போதும். கணவாய்க் கறி வைக்கும் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. இறைச்சி ஒட்டாமல் கழுவி, அவித்து, வெயிலில் காயவிட்டு ஒரு துண்டு உடைத்துப் போட்டால் முதலில் மிதக்கும், ஊறியதும் கீழே போகும். நத்தைகள் அதில் ஏறி அரத்தை வைத்து உரசுவதுபோல நாக்கால் சுரண்டும். அதன் நாக்கில் உண்மையிலேயே வரிசை வரிசையாகப் பல் இருக்கிறது.

ஜூன் 22

இணுவிலில் இருந்து பெரியப்பா வந்தார். தொட்டியைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“நாங்கள் தோட்டத்தில உதுகளை உப்புப் போட்டுச் சாக்கொல்லுறம். நீ காசு குடுத்து வாங்கி லைற்றும் போட்டு வச்சிருக்கிறாய். சனம் கேட்டால் சிரிக்கும்.”

அவர் சொல்வது ஆபிரிக்க நத்தை. மாரி தொடங்கினால் வாழையிலும் பப்பாசியிலும் மரவள்ளியிலும் கொத்தாக ஏறும். அது தரை நத்தை, தொட்டிக்குள் போட்டால் மூழ்கிச் சாகும். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளையும் அது காவித் திரியும். மனிதர் வயிற்றுக்குள் அவை போனால் மூளை உறையில் அழற்சி வரலாம். நன்னீர் நத்தைகளும் அந்தப் புழுவைக் காவக்கூடியவைதான். அதனால் எங்கள் வீட்டில் சட்டம் ஒன்று: தொட்டிக்குள் கை வைத்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வேறெதையும் தொடக்கூடாது. கையில் காயம் இருந்தால் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. அக்காவின் மகன் இதைப் பெரியப்பாவுக்கும் சொல்லிக் கையைக் கழுவ வைத்தான்.

பெரியப்பா ஒரு கட்டுக் கீரையும் கொண்டு வந்திருந்தார். “நத்தைக்கும் போடு” என்றார். எத்தனை நாளைக்கு முன் மருந்தடித்தது என்று கேட்டேன். “முந்தநாள்” என்றார், ஒளிக்காமல். கீரை பெட்டியிலேயே கிடந்தது. நாங்களும் சாப்பிடவில்லை.

நத்தைக்கு நான் போடுவது எங்கள் வளவு முருங்கையிலை. மருந்தடிக்காத மரம், கல்சியமும் உண்டு. கொதிதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தாழும். பயிற்றங்காயும் கரட்டும் அப்படித்தான். இரவு போட்டதில் மிச்சம் இருந்தால் காலையில் எடுத்துவிட வேண்டும், அழுகினால் அமோனியா.

ஜூலை 3

வெக்கை தாங்கவில்லை. தண்ணீர் 31 பாகை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், நத்தையும் ஓடியாடித் தின்று சீக்கிரம் கிழடாகும். மூடியை எடுத்துவிட்டு நுளம்பு வலைத் துணியை இறுக்கிக் கட்டி, சின்ன மின்விசிறியை நீர்மட்டத்தின் மேலாகத் திருப்பினேன். இரண்டு பாகை இறங்கிற்று.

ஜூலை 11

குப்பிகளின் செட்டையில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. புதுசாக விட்ட மீனோடு வந்திருக்க வேண்டும். அத்தான் கடைக்குப் போய் நீலநிறத் திரவம் ஒன்று வாங்கி வந்தார். “எல்லாத்துக்கும் நல்லதாம், நேராகத் தொட்டிக்குள்ள விடச் சொன்னவர்.” போத்தலைத் திருப்பிப் பார்த்தால் மணல்போன்ற எழுத்தில் ‘கொப்பர் சல்பேற்’.

அதாவது மயில்துத்தம். தோட்டக்காரர் சுண்ணாம்போடு கலந்து பூஞ்சைக்கு அடிப்பது. மீன் தாங்கும் அளவிலேயே நத்தை செத்துவிடும். குளங்களில் நத்தையைக் கொல்லவே செம்பு உப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அப்பிள் நத்தையின் இரத்தத்தில் ஒட்சிசனைக் காவுவதும் செம்புதான், அதனால் இரத்தம் நீலச்சாயல். உள்ளே இருக்கும் செம்பு உயிர், வெளியில் இருந்து வரும் செம்பு நஞ்சு. ஒருமுறை விட்டால் அது மணலிலும் கல்லிலும் படிந்து மெதுமெதுவாகக் கசியும், தண்ணீரை மாற்றினாலும் முழுதாகப் போகாது. ஆகவே செம்புக் குடத்தில் வைத்த தண்ணீரும் தொட்டிக்கு வேண்டாம்.

நத்தையும் மீனும் ஒன்றாக இருந்தால் மருந்து மீனோடு வெளியே போக வேண்டும். குப்பிகளைப் பிளாஸ்ரிக் வாளிக்கு மாற்றி, காற்றுக் குழாய் விட்டு, லீற்றருக்கு 2 கிராம் சாதாரண உப்பு. குப்பி உப்பைத் தாங்கும், நத்தை தாங்காது. பெரிய தொட்டியில் இப்போது நத்தைகள் மட்டும். புள்ளி வருத்தத்தின் ஒட்டுண்ணிக்கு மீன் வேண்டும், மீனில்லாமல் இந்தச் சூட்டில் அதிக நாள் நிலைக்காது. இரண்டு கிழமை விடுவதாக இருக்கிறேன். வாளிக்கும் தொட்டிக்கும் வலை வேறு, குழாய் வேறு.

நீலப் போத்தலை அத்தான் திருப்பிக் கொண்டுபோனார். காசு கிடைக்கவில்லை.

ஜூலை 19

நுளம்பு கூடிவிட்டது. அம்மா பின்னேரம் விறாந்தையில் நுளம்புத்திரி கொளுத்துகிறா. தொட்டி அறைக்குள்தான் இருக்கிறது, ஆனால் காற்றுப் பம்பு யன்னலடியில். பம்பு எந்தக் காற்றை இழுக்கிறதோ அதைத்தான் குமிழியாகத் தண்ணீருக்குள் அடிக்கும். திரியிலும் ஸ்பிறேயிலும் இருக்கும் பைரெத்ரோயிட் வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு, நத்தைக்கும் நல்லதில்லை. பம்பை உள்ளே, சுவாமி அறைப் பக்கம் மாற்றினேன். அங்கே சாம்பிராணி, அதற்கு அம்மாவோடு தனியாகப் பேச வேண்டும்.

மாரியில் டெங்குக்குப் புகையடிக்க வருவார்கள். அப்போது பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் முழுவதும் மூடி, புகை போய் அறை வெளித்த பிறகுதான் திறக்க வேண்டும்.

ஜூலை 24

கறுப்பு நத்தை ஒன்று காலையில் இருந்து மிதக்கிறது. மிதப்பதெல்லாம் சாவில்லை, உள்ளே காற்று நிறைந்தாலும் மிதக்கும். எடுத்து மணந்து பார்த்தேன். செத்த நத்தையின் மணத்தில் சந்தேகம் வராது, வீடே விட்டு ஓடும். இது மணக்கவில்லை, மூடித்தகட்டைத் தொட்டதும் இறுக்கி மூடிக்கொண்டது. திரும்ப விட்டேன், பின்னேரம் கீழே போய் முருங்கையிலை தின்றது. உண்மையிலேயே செத்திருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு நத்தையின் அழுகல் சின்னத் தொட்டி முழுவதையும் கெடுக்கும்.

ஜூலை 28

குப்பிகள் புள்ளி இல்லாமல் தொட்டிக்குத் திரும்பின. அன்றிரவே மூடியின் அடியில் முட்டைக் கொத்து! வெளிறிய இளஞ்சிவப்பு, பெருவிரல் நீளம், தொட்டால் இன்னும் ஈரம். இந்த இனத்தில் ஆண் பெண் வேறுவேறு, ஆனால் பெண் விந்தைப் பல மாதம் சேமித்து வைத்து முட்டையிடும். தனியாக ஒன்றை வாங்கினாலும் தப்ப முடியாது. முட்டை நீருக்கு மேலே, ஈரக் காற்றில்தான் பொரிக்கும், நீரில் விழுந்தால் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். நல்ல விஷயம், வேண்டாத கொத்தைச் சுரண்டி எடுப்பது எளிது.

ஆகஸ்ட் 5

அக்காவின் மகன் பண்ணைக் கடல்நீரேரிக் கரையில் இருந்து ஒரு போத்தலில் நத்தைகளோடு வந்தான். “சித்தி, இதுகளையும் விடுவமா?” கடல்நீரேரி நத்தைக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், எங்கள் தொட்டியில் தாங்காது. அவனையே கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப விட்டோம். வழியில் ஒன்று சொன்னேன்: “கடற்கரையில கூம்பு மாதிரிச் சங்கு உயிரோட கிடந்தால் கை வைக்காத ராசா, அது ஊசி மாதிரிக் குத்தும், நஞ்சு.” வீட்டுக்கு வந்ததும் அதைப் பத்துத் தரம் அம்மம்மாவுக்குச் சொன்னான்.

அடுத்த கொத்தைப் பொலித்தீனில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் இரண்டு நாள் உறையவிட்டுக் குப்பைக்குப் போட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு மரக்கறி அடுக்க இடம் தேடிய அம்மா, அது என்னவென்று கேட்டா. சொன்னேன். அன்றைக்கு முழுவதும் பேச்சில்லை.

ஆகஸ்ட் 16

முதல் கொத்துப் பொரித்துவிட்டது. கடுகளவு நத்தைகள், ஓட்டின் ஊடாக உள்ளுறுப்புத் தெரிகிறது. பில்டர் பஞ்சிலும் இரண்டு மூன்று ஏறி இருந்தன. பஞ்சைக் குழாயடியில் பிழியாமல் வாளிக்குள் பிழிந்து தேடி எடுக்கிறேன்.

60 லீற்றரில் நான்குக்கு மேல் வைக்கப்போவதில்லை. ஒன்றுக்குப் பத்து லீற்றருக்குக் குறையாமல் விட்டால்தான் கழிவைச் சமாளிக்கலாம், மீன் வேறு இருக்கிறது. பட்டாணியளவு வளர்ந்ததும் கொடுப்பேன். கேட்பவர்கள் மூடியுள்ள தொட்டி வைத்திருக்க வேண்டும். கோல்ட் பிஷ்சும் பைற்றர் மீனும் உள்ள தொட்டிக்குக் கொடுக்கமாட்டேன், உணர்கொம்பைக் கடித்து எடுத்துவிடும். அலுத்துப்போனால் எனக்கே திருப்பித் தர வேண்டும். ஆரியகுளத்திலோ வயல் வாய்க்காலிலோ விடுவதாக இருந்தால் தயவுசெய்து வரவேண்டாம்.