பொன்மனையை வெயிலுக்கு முன்ன தாண்டணும்

போன சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டத்தில் நான் பன்னிப்பாகத்தோடு நின்றுவிட்டேன். பன்னிரண்டில் ஆறாவது கோவில், சரியாகப் பாதி. குளத்தில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு வேடன் வடிவில் இருக்கிற கிராதமூர்த்திக்குப் பனையோலை விசிறியால் விசிறிவிட்டு வெளியே வந்தவன், படியில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாதத்தின் முன்பந்து முழுவதும் ஒரே கொப்பளமாக வெளுத்துக் கிடந்தது. இடது குதிகாலில் தோல் விட்டுப்போயிருந்தது. கூட வந்தவர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டபடி கல்குளம் ரோட்டில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் இந்த வருசம் தை பிறந்த உடனேயே மாமா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அம்மையின் மூத்த அண்ணன். இருபத்தேழு தடவை சிவாலய ஓட்டம் முடித்தவர். இப்போது வயது அறுபத்து மூன்று. நான் கொண்டுபோன நோட்டில் கோவில், தூரம், நேரம் என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். அதை அவர் பார்க்கவே இல்லை. காலை நீட்டச் சொன்னார். பெருவிரலால் குதிகாலை அழுத்தி, முன்பந்தை அழுத்தி, விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்தார்.

"மக்ளே, ஒனக்க காலு கெட்டது ஓடுனதுல இல்ல. திற்பரப்புல ஒறங்குனதுல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முழுத் திட்டமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பன்னிரண்டு சிவாலயங்கள் இருக்கின்றன. முஞ்சிறை திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். மாசி மாதத்துச் சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலையில் முஞ்சிறையில் தொடங்கி, சிவராத்திரி இரவில் நட்டாலத்தில் முடிப்பது. வரிசை மாறக் கூடாது. செருப்புக் கிடையாது. ஒவ்வொரு கோவிலிலும் குளித்து ஈரத்தோடு சுவாமியைக் கும்பிட வேண்டும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் என்பது ஓட்டக்காரர்களின் கணக்கு. இந்தக் காலத்தில் பைக்கிலும் வேனிலும் சுற்றி வருகிறவர்கள் ஏராளம், அதுவும் தரிசனம்தான். ஆனால் ஓட்டம் என்றால் எங்கள் வீட்டில் கால்தான்.

சிவன் கோவிலுக்குப் போகிறவன் ஏன் கோவிந்தா என்று கூப்பிடுகிறான் என்று கேட்பார்கள். ஓட்டக்காரர்களுக்குப் பெயரே கோவிந்தன்மார்தான். தருமரின் வேள்விக்குப் பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்தின் பால் வேண்டும். கண்ணன் பீமனை அனுப்புகிறார், கையில் பன்னிரண்டு உருத்திராட்சம் கொடுத்து. புருஷாமிருகமோ தீவிர சிவபக்தர், திருமால் பெயர் காதில் விழுந்தாலே ஆகாது. முஞ்சிறை மலையில் தவத்தில் இருந்தவரின் பக்கத்தில் போய்ப் பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூவ, அவர் துரத்த, பீமன் பிடிபடப்போகும் இடத்தில் ஒரு உருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது சிவலிங்கமாகிறது. அவர் கோபம் மறந்து பூசைக்கு உட்கார்ந்துவிடுகிறார். இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில் நட்டாலத்தில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. வழக்கு தருமரிடம் போக, தம்பி என்றும் பாராமல் பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொல்கிறார். அங்கே சங்கரநாராயணராகக் காட்சி கிடைக்க, அரியும் சிவனும் ஒன்றென்று தெளிந்து பகை தீர்கிறது.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். போன வருசம் பன்னிப்பாகத்துப் படியில் இருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. பீமன் எங்கேயும் தங்கவில்லை. மற்றவர் பூசைக்கு உட்கார்ந்த நேரத்தில் அவன் வழியைக் கடந்திருக்கிறான்.

மாமாவின் கணக்கு இதுதான். தூரத்தை மறந்துவிடு. சிவராத்திரி அன்றைக்கு உச்சி வெயிலில் நீ எந்த ரோட்டில் நிற்பாய் என்று மட்டும் யோசி. பொன்மனையிலிருந்து பன்னிப்பாகத்துக்கு உள்ள வழி நீளமான வழி. மாசி வெயில் பத்து மணிக்கெல்லாம் தாரைச் சுட வைத்துவிடும். ஏற்கனவே ஐந்து கோவிலில் முங்கி முங்கிப் பாதத்துத் தோல் ஊறி, கஞ்சியில் போட்ட அப்பளம் மாதிரி இளகி இருக்கும். இளகின தோலைச் சூடான தாரில் தேய்த்தால் கொப்பளம் வராமல் என்ன செய்யும்? நான் திற்பரப்பில் அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டு மண்டபத்தில் இரண்டு மணி நேரம் கண் அசந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பகல் வெயில் வட்டியோடு வாங்கிவிட்டது.

"பொன்மனைய வெயிலுக்கு முன்ன தாண்டணும். அதுக்கு ராத்திரி முழுக்க ஒனக்கது. ஒறக்கம் நட்டாலத்துல."

பிறகு நோட்டைப் பக்கத்தில் இழுத்துப் பின்பக்கமிருந்து எழுத ஆரம்பித்தார். முஞ்சிறையில் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் திக்குறிச்சி எட்டரை. திற்பரப்பு நள்ளிரவு தாண்டி ஒரு மணி. திருநந்திக்கரை நாலு. பொன்மனை ஏழு. வெயில் சுள்ளென்று ஏறும் முன்னே பன்னிப்பாகத்து வழியில் பாதிக்கு மேல் போயிருக்க வேண்டும். கல்குளம் வந்துவிட்டால் பயமில்லை. அங்கிருந்து மேலாங்கோடு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். அதற்குப் பிறகு கோவில்கள் அடுத்தடுத்து வரும், வெயிலும் சாயும்.

அடுத்து ஒத்திகை. மொத்தத்தையும் ஒரே மூச்சில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாக. வழி மனப்பாடம் ஆகணும், இருட்டில் கண்ணை நம்பக் கூடாது என்றார். தினமும் விடியற்காலை வெறுங்காலோடு முதலில் மண் வழி, பிறகு சரல், கடைசியில்தான் தார். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் காட்டாமல் வெறுங்காலோடு இறங்காதீர்கள். சுவாமி கோபிக்க மாட்டார்.

முதல் ஞாயிறு முஞ்சிறை முதல் திக்குறிச்சி. இரண்டாவது ஞாயிறு திக்குறிச்சியிலிருந்து அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு. இந்த இரண்டு நாளும் நடந்தபோதுதான் இத்தனை வருசம் இந்த ஊரில் இருந்தும் கவனிக்காத ஒன்றைக் கண்டேன். முதல் இரவில் நாம் ஆற்றின் போக்குக்கு எதிராக நடக்கிறோம். திக்குறிச்சியில் முங்குவது தாமிரபரணியில், எங்கள் பேச்சில் குழித்துறை ஆறு. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து இறங்கி வருகிற வெள்ளம் அது. திற்பரப்பில் முங்குவது அதில் ஒன்றான கோதையாற்றில். கடல் பக்கத்திலிருந்து மலையைப் பார்த்து, ஆறு வந்த வழியே சுவாமியைத் தேடிப் போகிறோம். பின்னிரவில் திற்பரப்பு நெருங்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் குளிர்காற்று, பிறகு அருவியின் இரைச்சல், அதற்குப் பிறகுதான் கோவில் விளக்கு. வீரபத்திரராக உக்கிரத்தோடு இருக்கிற சுவாமிக்கு அந்தக் குளிரில் நின்று விசிறும்போது என் கை நடுங்கும். இந்தத் தடவையும் நடுங்கட்டும். மண்டபத்துப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன்.

திக்குறிச்சியில் இன்னொரு விசேசம், அங்கே நந்தி கிடையாது. சிவன் சன்னதியில் நந்தி இல்லாமல் நேரே சுவாமியைப் பார்ப்பது முதலில் என்னவோ மாதிரி இருக்கும். அருமனைக்குப் போகும் வழியில் சிதறால் மலைப் பக்கமாகப் போவோம். சமணர்கள் தவம் இருந்து பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்த மலை.

குலசேகரம் தாண்டினால் இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற சமயம். காய்ந்த இலை ரோட்டோரம் மெத்தை போலக் கிடக்கும். அதில் நடக்கலாமே என்று காலை வைத்தேன், மாமா தோளைப் பிடித்து இழுத்தார். இலைக்கு அடியில் ரப்பர் விதை ஓடு உடைந்து கிடக்கும், பாம்பும் கிடக்கும். ரோட்டின் வலது ஓரம்தான் நடக்கணும், எதிரே வருகிற வண்டி நம் கண்ணில் படணும். விசிறியின் பின்னால் சைக்கிளில் ஒட்டுகிற சிவப்பு ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஓலையில் ஒட்டவில்லை, அம்மை நூலால் தைத்துக் கொடுத்தாள்.

திருநந்திக்கரையில் மூன்றாவது ஞாயிறு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டோம். ஓட்டத்து அன்றைக்கு அந்தக் குடைவரைக்கு ஏறிப் பார்க்க நேரம் கிடைக்காது. ஒரே பாறையைக் குடைந்த கோவில், சுவரில் அழிந்தும் அழியாமலும் பழைய ஓவியக் கோடுகள், வட்டெழுத்துக் கல்வெட்டு. முதலாம் ராஜராஜன் பிறந்த ஐப்பசிச் சதயத் திருவிழாவுக்கு முட்டம் ஊரைக் கொடையாகக் கொடுத்த செய்தி இங்கேதான் இருக்கிறது. அந்தக் குளிர்ந்த பாறைத் தரையில் வெறும் பாதத்தை வைத்து நின்றபோது ஆயிரம் வருசத்துக் கால்கள் இந்த இடத்தில் நின்றிருக்கும் என்று நினைத்தேன். மாமா ஒன்றும் பேசவில்லை. வெளியே நந்தியாற்றில் இறங்கி முகம் கழுவினார்.

நாலாவது ஞாயிறு வேண்டுமென்றே உச்சி வெயிலில் பொன்மனை, பன்னிப்பாகம். சுடுவது எப்படி என்று கால் தெரிந்து வைத்திருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அன்றைக்குத்தான் ஒரு சின்ன வித்தையைக் காட்டினார். பொன்மனையில் தீம்பிலேஸ்வரரைக் கும்பிட்டு வெளியே வந்ததும் ரோட்டில் இறங்காமல், திருநீற்றுப் பையை அவிழ்த்துத் துளி திருநீறு எடுத்து நெற்றியில் பூசி, துண்டால் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கோடு ஒற்றித் துடைத்தார். நிதானமாக, குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி. வேட்டி ஈரமாக இருக்கலாம், பாதம் ஈரமாக இருக்கக் கூடாது. அதற்கு இரண்டு நிமிடம். போன வருசம் அந்த இரண்டு நிமிடத்தை நான் எந்தக் கோவிலிலும் கொடுக்கவில்லை. அன்றைக்குப் பன்னிப்பாகத்தில் அதே படியில் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

அங்கிருந்து கல்குளம் போகும்போது வேளிமலை முழுசாக முன்னே வந்து நிற்கும். பத்மநாபபுரம் கோட்டைக்குள் நீலகண்டசுவாமி. 1795 வரைக்கும் திருவிதாங்கூரின் தலைநகரம் இது. பன்னிரண்டில் அம்மன் சன்னதியோடு இருப்பது இந்தக் கோவில்தான் என்பார்கள். அதுவரை உக்கிரமும் வேட்டையுமாக வந்த வழியில் ஆனந்தவல்லி அம்மன் முன்னால் நிற்கும்போது கண் தானாக நிறையும். களைப்பினால் என்று சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மேலாங்கோடு மலையடிவாரத்தில் அமைதியாக இருக்கிறது. மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த சுவாமி. நடக்கிறவன் கேட்க வேண்டிய வரத்தை இங்கேதான் கேட்க வேண்டும் என்று மாமா ஒவ்வொரு தடவையும் சொல்வார். என்ன கேட்பார் என்று சொன்னதில்லை.

சாப்பாட்டுக்குத் திட்டம் அதிகம் வேண்டாம். மாலை போட்ட ஒரு வாரம் ஒரு வேளைச் சோறு. ஓட்டத்து அன்றைக்குச் சுக்குவெள்ளம், பானகம், மோர், மட்டிப்பழம். வழிநெடுக வீட்டு வாசலில் அண்டாவில் மோரும் பானகமும் வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கொடுக்கிறார்களே என்று வயிறு முட்டக் குடித்துவிட்டு நடக்க முடியாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. ஒரு வாய் வாங்கிக் குடித்துக் கோவிந்தா சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

விசிறி மட்டும் புதிதாக வாங்கவில்லை. மாமாவின் பழைய பனையோலை விசிறியைக் கேட்டேன். பிடி அவர் கைப்பட்டு வழவழவென்று கறுத்திருந்தது, உள்ளங்கை பிடிக்கும் இடத்தில் ஒரு பள்ளம்கூட விழுந்திருக்கிறது. அதில் தொங்குகிற இரண்டு பைகளையும் அம்மை புது மஞ்சள் துணியில் தைத்துக் கொடுத்தாள். ஒன்று திருநீற்றுக்கு, ஒன்று காசுக்கு. பழைய பையைத் தூக்கிப் போடாமல் பூசை அறையில் வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு கடைசி ஒத்திகை. திருவிடைக்கோட்டில் சடையப்பரைக் கும்பிட்டு, திருவிதாங்கோடு போய், அங்கிருந்து திருப்பன்றிக்கோடு சேரும்போது மணி ஐந்து. கால் நன்றாக இருந்தது. நட்டாலம் இன்னும் கொஞ்ச தூரம்தான், இருட்டும் முன்னே போய்விடலாம் என்று நான் அந்த வழியில் திரும்பினேன். மாமா வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

"மாமா, நட்டாலம்?"

"அங்க ஒத்திகைக்குப் போவப்பிடாது மக்ளே. அது அன்னைக்கு."

மார்த்தாண்டம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த வழி மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே வந்தோம்.