சறுக்கியது ஆக்சிஜன்

பதினோரு வருஷமாக வீட்டில் ப்ளஸ் ஒன் வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். அயனியாக்கும் ஆற்றல், அதாவது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை உருவ ஆகும் ஆற்றல், பாடம் வந்தால் ஒரு வரி தயாராக இருக்கும்: நைட்ரஜனின் பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களில் ஒரு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் வரை) சரிபாதி நிரம்பியவை, நிலைப்புத்தன்மை அதிகம், அதனால்தான் ஆக்சிஜனைவிட அதற்கு ஆற்றல் கூடுதல். இரண்டு மார்க். அடுத்த கேள்வி.

இந்த வருஷம் சுவரோரமாக உட்காரும் பெண் ஒருத்தி கேட்டாள். “பாதி நிரம்புனா ஏன் சார் நிலைப்பா இருக்கு?”

“அது அப்படித்தாம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

ராத்திரி சாப்பிட்ட பிறகு கிராஃப் ஷீட் எடுத்து தனிம அட்டவணையின் இரண்டாம் வரிசையைப் புள்ளி வைத்தேன். மோலுக்கு கிலோஜூல் கணக்கில் லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801. போரான் இறங்குவதில் வம்பில்லை. பெரிலியத்தில் கழல்வது எஸ் ஆர்பிட்டால் எலக்ட்ரான்; போரானில் கழல்வது அதைவிட உயர்ந்த ஆற்றலில் இருக்கும் பி எலக்ட்ரான். அப்புறம் கார்பன் 1086, நைட்ரஜன் 1402. ஸ்கேலை வைத்தால் போரான், கார்பன், நைட்ரஜன் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கின்றன. கோட்டை நீட்டினால் ஆக்சிஜன் 1700 பக்கம் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 1314.

நைட்ரஜன் எங்கேயும் துள்ளவில்லை. புரோட்டான் ஒவ்வொன்றாகக் கூடும்போது ஏறவேண்டிய அளவுதான் ஏறியிருக்கிறது. சறுக்கியது ஆக்சிஜன். பி ஆர்பிட்டால் மூன்றுதான்; ஆக்சிஜனின் நான்காவது பி எலக்ட்ரானுக்குத் தனி ஆர்பிட்டால் கிடையாது. ஏற்கெனவே ஆள் இருக்கும் இடத்தில் எதிர்ச்சுழற்சியோடு (எதிர் ஸ்பின்) ஒண்டிக்கொள்ள வேண்டும். ஒரே சுழற்சி உள்ளவை இயல்பாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். இந்த ஜோடிக்கு அந்தச் சலுகை இல்லை. விலக்கம் கூடுவதால் ஒன்றை உருவுவது எளிது. பிறகு ஃபுளூரின் 1681, நியான் 2081 என்று மறுபடி ஏற்றம்தான், ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டு.

பதினோரு வருஷமாகத் தப்பான ஆளைக் கைகாட்டியிருக்கிறேன்.

மறுநாள் ஷீட்டைக் காட்டினேன். “பரீட்சையில எதை சார் எழுத?” ‘சரிபாதி’ என்ற சொல்லை விடாதே, மார்க் அதற்குத்தான், கீழே ஆக்சிஜனைப் பற்றி ஒரு வரி சேர் என்றேன். விடைக்குறிப்போடு சண்டை போடும் வயசு எனக்குப் போய்விட்டது.

அதற்குள் அவள் மூன்றாம் வரிசையைத் தொடங்கிவிட்டாள். அலுமினியம் 578, சிலிக்கான் 787, பாஸ்பரஸ் 1012, சல்பர் 1000. “இங்க வெறும் 12தான் சார் இறங்குது.”

“கோட்டை நீட்டிப் பாரு.”

ஸ்கேலை வைத்தாள். 1230 பக்கம் வந்தது. “அப்போ 230 குறையுது. ஆக்சிஜன்ல 400கிட்ட போச்சே, இதுல ஏன் சார் கம்மி?”

மூன்றாவது எலக்ட்ரான் கூடு பெரிசும்மா, ஒரே ஆர்பிட்டாலில் ரெண்டு பேர் இருந்தாலும் அவ்வளவு நெருக்கடி இல்லை என்றேன். இந்தத் தடவை ‘அப்படித்தான்’ என்று சொல்லவில்லை.