சிறியவன் விலகினால் குற்றமா?

டோக்கியோவின் நிஷி-கசாயில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் டிவியில் சுமோ ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் பாய்ந்தார்கள். சின்ன உருவம் சட்டென்று பக்கவாட்டில் விலக, பெரிய உருவம் குப்புற விழுந்தது. நான் கைதட்டினேன். பக்கத்து மேசைப் பெரியவர் "ஹென்கா" என்று முகம் சுளித்தார். நேருக்கு நேர் மோதாமல் விலகிக்கொள்வதற்குச் சுமோவில் அதுதான் பெயர். கடையில் ஒருவர்கூட ரசிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

ஊரில் பொங்கல் கபடியில் இதற்கு விசில் காதைக் கிழிக்கும். எங்கள் சித்தப்பா நோஞ்சான் உடம்பு. பாடிக்கொண்டு உள்ளே போனால் ஏழு பேரும் கைகோத்து வளைப்பார்கள். இடப்பக்கம் பாய்வதுபோல் தோளை மட்டும் ஆட்டுவார். அவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததும், கோத்த கைகளுக்கு அடியில் குனிந்து மண்ணில் சறுக்கி, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். எழுந்ததும் முதல் வேலை மீசையை முறுக்குவது.

சுமோவில் எடைப் பிரிவே கிடையாது. 4.55 மீட்டர் வட்டத்துக்குள் யாரும் யாரோடும் மோதியாக வேண்டும். 1991 நவம்பரில் மைனோஉமி என்ற குள்ளமான வீரர், 203 செ.மீ. உயர அகெபோனோவின் ஒரு காலைக் காலால் பின்னி, மறுதொடையைக் கையால் பிடித்து, தலையால் நெஞ்சில் முட்டிச் சாய்த்தார். என்ன மூளை!

2016 மார்ச், ஒசாகா போட்டியின் கடைசி நாளில் ஹகுஹோ விலகி ஜெயித்தபோது கூட்டம் ஏசியது; அவர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். அந்தக் கோபம் சரிதான். அவர் யோகொசுனா, உச்சப் பட்டக்காரர். நேருக்கு நேர் நிற்கும் பலம் இருந்தது. நூறு கிலோகூடத் தேறாதவனுக்கும் அதே அளவுகோல் என்றால், பலசாலிக்கு மட்டும்தானே விளையாட்டு?

மற்றபடி இங்கே நன்றாகவே பழகிவிட்டேன். ரயிலில் வாய் திறப்பதில்லை, குப்பையைக் கிழமை பார்த்துப் போடுகிறேன். ஆனால் 168 செ.மீ. உயர சுமோ வீரர் என்ஹோ குனிந்து எதிராளியின் நெஞ்சுக்கடியில் நுழையும்போது எனக்கு டோக்கியோ மறந்து போகிறது. டியூப் லைட் வெளிச்சமும் புழுதியும் ஒலிபெருக்கிச் சத்தமுமாக எங்கள் ஊர்க் களம்தான் கண்ணில் நிற்கிறது.

என்ஹோவின் பழைய ஆட்டம் ஒன்றைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். 2023-இல் கழுத்தில் அடிபட்டு, அடுத்த வருடம் கடைசிப் பிரிவிலிருந்து மறுபடி தொடங்கினார் என்பதையும் போனில் சொன்னேன். முட்டி போய்க் களத்தை விட்ட மனுஷன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கழுத்துல அடிபட்டவன திரும்ப எறக்குனது யாருடா? அவன் வீட்ல பெரியவங்களே இல்லையா?" என்றார்.