80 விழுக்காட்டில் நிறுத்திய மின்கலம்

நான்கு ஆண்டுகளாக மேசையை விட்டு நகராத என் மடிக்கணினியை, மின்வெட்டு வந்த ஒரு மே மாத மாலையில் மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்றேன். வாங்கிய புதிதில் ஐந்து மணி நேரம் உழைத்த அது, இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டியதும் அணைந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் சார்ஜர் எப்போதும் செருகியபடியே இருந்ததால், மின்கலத்துக்கு நான் வேலை கொடுத்ததே அரிது. பயன்படுத்தாத பொருள் எப்படித் தேய்ந்தது என்று அறியவே கட்டற்ற மென்பொருள்களின் உதவியை நாடினேன்.

என் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், மின்கலத்தைப் பற்றி அறிந்த அனைத்தையும், யாரும் திறந்து படிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்புகளாகவே வைத்திருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தில் யூபவர் கட்டளையை இட்டால் அவை தொகுத்துக் கிடைக்கும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை, மின்கலம் வடிவமைக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவும், இன்று முழுமையாக ஏற்றினால் அது கொள்ளும் அளவும் ஆகும். என் கணினியில் முதலாவது, மின்னாற்றலை அளக்கும் அலகில், 45 வாட்-மணியாகவும் இரண்டாவது வெறும் 20 வாட்-மணியாகவும் இருந்தன. கலம் முழுதாக ஏறி இறங்கும் மின்னேற்றச் சுழற்சிகளின் எண்ணிக்கையோ 70ஐக்கூடத் தொடவில்லை. ஆகவே தேய்வுக்குக் காரணம் உழைப்பு அன்று என்பது உறுதியாயிற்று.

லித்தியம்-அயனிக் கலம் முழுமையாக ஏறும்போது அதன் மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட்டை எட்டுகிறது. அந்த உயரத்தில் அதை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால், உள்ளே அயனிகளைக் கடத்தும் மின்பகுபொருள் மின்வாய்களோடு மெல்ல வினைபுரிந்து சிதைகிறது. எதிர்மின்வாயான கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய படலம் தடித்து, இயங்க வேண்டிய லித்தியத்தை விழுங்கிவிடுகிறது. வெப்பம் இந்த வினையை விரைவுபடுத்துகிறது. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தின் மதிப்பீட்டின்படி, 40 டிகிரி செல்சியஸில் முழுமையாக ஏற்றி ஓராண்டு வைத்த கலத்தில் 65 விழுக்காட்டுக் கொள்ளளவே மிஞ்சுகிறது. 40 விழுக்காடு மட்டும் ஏற்றி வைத்ததிலோ 85 விழுக்காடு எஞ்சுகிறது. குளிரூட்டி இல்லாத என் அறையின் கோடையை நினைத்துப் பார்த்தபோது, மின்கலத்தைப் பாதுகாப்பதாக எண்ணி நானே அதைக் கெடுத்திருந்தேன் என்பது வருத்தத்துடன் புரிந்தது.

புதிய மின்கலம் பொருத்திய அன்றே, லினக்ஸ் மடிக்கணினிகளின் மின்பயன்பாட்டை நிர்வகிக்கும் டிஎல்பி மென்பொருளை நிறுவினேன். அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளைத் திருத்தினால் போதும்: 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே மின்னேற்றம் தொடங்கும், 80இல் நின்றுவிடும். இந்த வரம்பை உண்மையில் காப்பது கணினியின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு என்பதால், எல்லாக் கணினிகளிலும் இது இயலாது. திங்க்பேடு கணினிகளில் இரு வரம்புகளையும் வைக்கலாம். வேறு சிலவற்றில் மேல் வரம்பு மட்டுமே உண்டு. டிஎல்பி-ஸ்டாட் கட்டளை உங்கள் கணினி எதை ஏற்கும் என்று சொல்லிவிடும். லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவில் முன்பே இருக்கும் மின் நிர்வாக நிரலான பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனும் டிஎல்பியும் ஒன்றோடொன்று மோதும் என்பதால், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கோப்புகளைத் திருத்தத் தயங்குபவர்களுக்காக, லினக்ஸின் திரைச்சூழலான க்னோமின் 2025இல் வந்த 48ஆம் பதிப்பு இதே வசதியை அமைப்புகள் பக்கத்திலேயே தருகிறது. வன்பொருள் ஏற்றால் ஒரு சொடுக்கு போதும்.

மின்செலவைக் குறைப்பதற்கு இன்டெல் உருவாக்கிய பவர்டாப் என்ற மென்பொருள் உதவியது. சார்ஜரைக் கழற்றிவிட்டு அதை இயக்கினால், எந்த நிரல் கணினியின் மையச் செயலியை (ப்ராசஸரை) அடிக்கடி உறக்கத்திலிருந்து எழுப்புகிறது என்று காட்டும். திரையின் ஒளியைக் குறைத்து, ப்ளூடூத்தை அணைத்து, தேவையற்ற உலாவித் தாவல்களை மூடியதில் 9 வாட்டாக இருந்த செலவு 7 வாட்டுக்கு இறங்கியது. அதன் தானியங்கிச் சீரமைப்பை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; யூஎஸ்பி மவுஸ் சில நொடிகள் அசையாதிருந்தால் அதையும் உறங்க வைத்துவிடுகிறது.

இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நேற்று பார்த்தபோது 45 வாட்-மணியில் 42 மிஞ்சியிருந்தது. ஊருக்குப் புறப்படும் முந்தைய இரவில் மட்டும், டிஎல்பியின் முழு மின்னேற்றக் கட்டளையை இட்டு 100 வரை ஏற்றிக்கொள்கிறேன்.