டிரெஸ்டன் பனியும் கொழிஞ்சாம்பாறை முகமும்

"ஏன் கண்ணு, சூளைச் சாம்பல் மேலயா நிக்கறீங்க? அந்தக் கறுப்பா நிக்கறது ஆரு?"

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த குடும்பம், முதல் பனிக்கு ஃபிலிமில் எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினால் அத்தையிடமிருந்தோ சின்னம்மாவிடமிருந்தோ வரும் கேள்வி இது. கைப்பேசிப் படத்துக்கு இந்தக் கேள்வி வராது. அது முகத்தைத் தேடிப் பிடித்துத் தானே வெளிச்சம் கூட்டிக்கொள்ளும். எழுபதுகளின் ஆட்டோமேட்டிக் எஸ்.எல்.ஆருக்கு (லென்ஸ் வழியாகவே, உள்ளே ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கும் கேமரா) முகமும் தெரியாது, பனியும் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். அத்தை கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் படத்தில் பனி நிஜமாகவே சாம்பல் நிறம்தான், நிற்பது யாரென்றும் நிஜமாகவே தெரியாது.

இத்தனை இருந்தும் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு வருகிறவர்கள் ஃபிலிமில் போய் விழுவதற்குக் காரணம் ஊர்தான். 1936-ல் கினே எக்ஸாக்டா என்ற 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். இங்கே பிறந்தது. பிராக்டிகா கேமராக்களும் இந்த ஊர்ச் சரக்கு. பழைய எர்னமன் கேமரா ஆலைக் கட்டிடம் இப்போது அருங்காட்சியகம். எல்பே ஆற்றங்கரையில், ஆல்பர்ட் பாலத்தருகே சனிக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தையில் கேமராக்கள் பழைய பீங்கான் தட்டுகளோடு கலந்து கிடக்கும். பொள்ளாச்சிச் சந்தை மாதிரி துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேச முடியாது என்பது ஒன்றுதான் குறை. வாயால் கேட்க வேண்டும், அதுவும் ஜெர்மனில்.

சந்தைக்குப் போகும்போது பையில் இரண்டு எல்.ஆர்.44 பட்டன் பேட்டரி, ஒரு சின்ன டார்ச், ஒரு சில்லறைக் காசு இருக்கட்டும். நிக்கான் எஃப்.இ.யை எடுத்துக்கொள்வோம். 1978-ல் வந்தது, நடுத்தர விலை, கற்றுக்கொள்ளத் தோது. அடிப்பக்கத்து மூடியைக் காசால் திருகித் திறந்தால் உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கிறதா என்று தெரியும். பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சில் துடைத்துவிடலாம், செம்பு அரித்துப்போயிருந்தால் வேண்டாம். பேட்டரி போட்டு, பின்பக்கம் இடது மூலையில் இருக்கும் சின்ன நெம்பை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு) டயலை ஆட்டோவில் வைத்து, வெளிச்சமான வானத்தைப் பார்த்து ஒரு முறையும் மேசைக்கடியில் இருட்டைப் பார்த்து ஒரு முறையும் அழுத்துங்கள். முதல் சத்தம் ஒரே 'டக்'. இரண்டாவது 'டக்' என்று திறந்து, காத்திருந்து, இன்னொரு 'டக்'கில் மூட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் ஆட்டோ வேலை செய்யவில்லை.

பின்மூடியைத் திறந்து ஓரக் காடிகளில் கறுப்புப் பஞ்சை நகத்தால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் பஞ்சு செத்துவிட்டது. அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. புதுப் பஞ்சுப் பட்டை மலிவு, சுரண்டி ஒட்டுவது ஒரு மாலை வேலை. ஒட்டாமல் விட்டால் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கோடுகள் விழும். லென்ஸைக் கழற்றி டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் நூலாம்படை போன்ற பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். பூஞ்சை நம் ஊர் ஈரத்தில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம், டிரெஸ்டன் நிலவறையிலும் வரும்.

ஃபிலிம் போடுவதில் ஒரே ஒரு இடத்தில்தான் கெடும். நுனியைச் சுற்றும் உருளையின் பிளவில் செருகி, ஃபிலிம் நகர்த்தும் நெம்பை ஒரு தடவை தள்ளி, இரண்டு பக்கத்து ஓட்டைகளும் பல்லில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடுங்கள். பிறகு இடதுபக்கத்துக் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகத் திருகித் தொய்வை எடுத்துவிட்டு, அடுத்தடுத்து நெம்பைத் தள்ளும்போது அந்தக் குமிழ் தானே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. கல்யாண வீட்டில் ரோல் முழுக்க 'எடுத்துவிட்டு' கடைசியில் வெறும் சுருளை வெளியே எடுத்த கதை நம் ஊர் ஸ்டூடியோக்காரர் எல்லாரிடமும் உண்டு. பெண் வீட்டாரிடம் அன்று என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இனி ஆட்டோ. எஃப்.இ.யில் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) நாம் வைக்கிறோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கிறது. ஃபிலிம் நகர்த்தும் நெம்பைச் சற்று வெளியே இழுத்து நிறுத்தினால்தான் வெளிச்சம் அளக்கும் மீட்டர் விழிக்கும். இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது நெற்றிப்பொட்டில் குத்தும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். வியூஃபைண்டரின் இடப்பக்கம் ஒரு கறுப்பு முள் கேமரா தேர்ந்த வேகத்தைக் காட்டும். 50 மி.மீ. லென்ஸில் அந்த முள் 1/60-க்குக் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும். கீழே போகிறது என்றால் அப்பர்ச்சரைத் திறங்கள். எஃப் 8-லிருந்து எஃப் 5.6-க்கு வந்தால் வெளிச்சம் இரட்டிப்பு, எஃப் 4-க்கு வந்தால் நான்கு மடங்கு.

இங்கேதான் அட்சரேகை வந்து குறுக்கே நிற்கிறது. கொழிஞ்சாம்பாறை ஏறக்குறைய 10.7 பாகை வடக்கு, டிரெஸ்டன் 51. டிசம்பர் 21 நண்பகலில் நம் ஊரில் சூரியன் 56 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே 16 பாகையைத் தொடாது. மதியம் பன்னிரண்டு மணிக்கே நிழல் ஆளைப்போல் மூன்றரை மடங்கு நீளம். நாலு மணிக்குள் அஸ்தமனம். ஊரில் ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 100 ரோல் போட்டு, எஃப் 16, 1/125 என்று மீட்டர் பார்க்காமலே சொல்லிவிடலாம். இங்கே குளிர்காலத்துக்கு 400-க்குக் குறைந்த ரோல் வாங்காதீர்கள். தெருவிளக்கு எரிந்தபின் எஃப் 2 வைத்தாலும் முள் 1/30, 1/15 என்று இறங்கும். அப்போது விளக்குக் கம்பத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு முடித்ததும் அழுத்த வேண்டும்.

இந்த இருட்டெல்லாம் பழகிவிட்டது. நாலு மணிக்கு இருட்டினால் நாலு மணிக்கு டீ போட்டுக்கொள்கிறோம். ஆனால் எஃப் 16 என்று வளையத்தில் விரல் போய் நிற்கும்போது மேனோன்பாறைச் சாலையோரப் பனைகளின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது ஞாபகம் வரும். ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற புழுதியில் லென்ஸைத் திறக்கவே முடியாது என்று அப்போது திட்டியதும் சேர்ந்து வரும்.

சரி, பனிக்கு வருவோம். எல்லாச் சங்கடமும் இதில்தான்.

மீட்டருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: எதிரே இருப்பதையெல்லாம் கலந்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும். 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அட்டையை அதற்கு மாதிரியாகச் சொல்வார்கள். பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே கரண்டி அளவு போடுகிறவரைப் போல, வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் சாம்பலாக்கும், கறுப்புக் கம்பளியைக் காட்டினாலும் சாம்பலாக்கும். எஃப்.இ.யின் மீட்டர் நடுவே உள்ள 12 மி.மீ. வட்டத்துக்கு 60 சதவீத முக்கியத்துவம் தரும், மீதி 40 சுற்றுப்புறத்துக்கு. முழு உருவமும் வர பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று எடுத்தால் வட்டத்துக்குள்ளும் பாதி பனிதான். கேமரா பயந்து ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடும். பனி இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) இறங்கிச் சாம்பலாகும், பக்கத்தில் நிற்கும் பழுப்பு முகமும் அதே இரண்டு ஸ்டாப் இறங்கிக் கரியாகும். வெள்ளைக்காரர் முகம் ஒரு ஸ்டாப் மேலேயிருந்து இறங்குவதால் மங்கலாக இருந்தாலும் அடையாளம் தெரியும். நம் ஆட்கள்தான் நிழலாகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு தோளில் கைபோட்டு நிற்கும் படத்தில் அவர் மட்டும் சிரிப்பது தெரிவது இதனால்தான்.

கையேட்டுப் புத்தகங்களும் இதில் துணைக்கு வருவதில்லை. "முகத்தை நெருங்கி மீட்டர் பாருங்கள், அதில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்" என்பார்கள். அது வெளிர்த் தோலுக்கு எழுதிய கணக்கு. லேபுகளில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த ஷெர்லி அட்டையில் பல காலம் வெள்ளைப் பெண்ணின் படம்தான் இருந்தது; அந்த மனக்கணக்கு புத்தகத்திலும் ஒட்டிக்கொண்டது. நம்மில் பலருடைய மாநிறம் கிட்டத்தட்ட மீட்டர் எதிர்பார்க்கும் அதே நடுத்தரம். அதாவது நம் முகத்துக்குக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். காசு கொடுத்துச் சாம்பல் அட்டை வாங்க வேண்டியதில்லை, கழுத்துக்கு மேலேயே இருக்கிறது. இன்னும் கறுத்த தோலானால் அரை ஸ்டாப் கழித்தால் போதும். உள்ளங்கையைப் பார்ப்பதானால் கணக்கு வேறு. உள்ளங்கை எல்லாருக்கும் வெளுப்பு, அதற்கு ஒரு ஸ்டாப் கூட்டத்தான் வேண்டும்.

செய்முறை இதுதான். முகம் வியூஃபைண்டரை நிறைக்கும் அளவுக்கு நெருங்குங்கள், உங்கள் நிழல் அதில் விழாமல். முன்பக்கத்து செல்ஃப் டைமர் நெம்பை லென்ஸ் பக்கம் அழுத்திப் பிடித்தால் வேகம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிடித்தபடியே பின்னால் நகர்ந்து, படச்சட்டம் அமைத்து, அழுத்துங்கள். கையுறையோடு அந்த நெம்பைப் பிடிப்பது சர்க்கஸ் வேலை. நெருங்கிப் போக முடியாத இடத்தில் இடப்பக்கக் குமிழைச் சுற்றியுள்ள வளையத்தை +2-க்குத் திருப்புங்கள், மேகமூட்டமானால் +1.5. பனியும் வெளுக்கும், முகமும் எழும். எஃப்.இ.யில் இந்த வளையம் நகர்ந்திருப்பதை வியூஃபைண்டரில் எதுவும் எச்சரிக்காது (அடுத்து வந்த எஃப்.இ.2-வில் அதற்கொரு விளக்கு வைத்தார்கள்). வீட்டுக்குள் வந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் சாம்பல் வரலாம். காரணம், ரோல் கழுவியபின் ஸ்கேன் செய்யும் இயந்திரமும் ஒரு ஆட்டோமேட்டிக்தான், அதுவும் நடுத்தரத்தைத் தேடும். யார் கெடுத்தது என்று அறிய நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பனி அடர்ந்த கறுப்பாக இருக்க வேண்டும். முகம் இருக்கும் இடத்தில் மூக்கு, கண்குழி, கன்னம் என்று வேறுபாடு தெரிய வேண்டும். தெரிந்தால் கேமரா சரி, ஸ்கேன் தப்பு. "வெளிச்சம் கூட்டி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்" என்று கேளுங்கள். முகம் வெறும் ஆரஞ்சுக் கண்ணாடியாக இருந்தால் அங்கே பதிவே இல்லை, எந்த லேபும் மீட்டுத் தர முடியாது. சந்தேகம் வந்தால் எப்போதும் கூட்டுங்கள். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடுதலைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

குளிருக்கு இரண்டு வார்த்தை. ஆல்கலைன் எல்.ஆர்.44 உறைநிலைக்குக் கீழே சோர்ந்துவிடும், சில்வர் ஆக்ஸைடு எஸ்.ஆர்.44 தாங்கும். மாற்று ஜோடி ஒன்று சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். பேட்டரி செத்து, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலேயே நின்றுவிட்டால் டயலை எம்90-க்குத் திருப்புங்கள், பேட்டரி இல்லாமலே 1/90-ல் சுடும். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஆட்டோவில் அழுத்தினாலும் இதே மாதிரி நிற்கும், மருந்தும் இதேதான். வெளியிலிருந்து நேராக ஹீட்டர் அறைக்குள் வந்தால் லென்ஸுக்குள் நீர் கோக்கும். வாசலுக்கு வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்று போகாமல் கட்டி, உள்ளே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பனிக்கணக்கைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். மீன மாதத்தில் நென்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுக்குப் போனால் எதிரே யானை வரிசை. சட்டம் முழுக்கக் கறுப்பைப் பார்த்ததும் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும். யானை சாம்பலாகும், நெற்றிப்பட்டம் வெந்துபோகும். நெகட்டிவ் என்றால் பிழைத்துக்கொள்ளும், சிலைடு (நேர்ப்பட ஃபிலிம்) என்றால் -1 கட்டாயம். வெடிக்கட்டுக்கு முக்காலி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, டயல் பி-யில். வாணம் கிளம்பும்போது திறந்து, விரிந்து அடங்கியதும் மூடுங்கள். ஆட்டோவை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

திரும்பும்போது கோயமுத்தூர் விமான நிலையத்தில் ரோல்களைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், லக்கேஜ் எக்ஸ்ரே ஃபிலிமை மங்கடித்துவிடும். கைப்பையில் வையுங்கள். அங்கும் புது சி.டி. ஸ்கேனர் இருந்தால் 400 ரோல்கூடத் தப்பாது, கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். டப்பாக்களைக் கழற்றி, உள்ளே இருப்பது தெரிகிற பையில் போட்டு நீட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஊரில் இரண்டு நாள் மிச்சமிருந்தால் இந்த வம்பே வேண்டாம், ரோலை அங்கேயே கழுவக் கொடுத்து நெகட்டிவாக எடுத்து வாருங்கள்.